விரல் நுனியில் சிவப்பு அம்பு

நான் கட்டியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பெருமைக்குச் சொன்னதாக ஆகிவிடும்.

குண்டடம் பக்கம், மழை வந்தால் சோளம், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று கிடக்கும் காட்டிலிருந்து வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருப்பூர் வந்து அடுத்தவர் பனியன் கம்பெனியில் துணி சுமந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, பிறகு ஒரு மாட்டுக் கொட்டகையில் சொந்தத் தொழில் தொடங்கினேன். மாடுகளை அப்போதுதான் வெளியே ஓட்டியிருந்தார்கள். முதல் லாட் பனியனில் சாண வாசம் வந்ததாகச் சொல்வார்கள். பொய். நான் முகர்ந்து பார்த்துத்தான் அனுப்பினேன்.

யாராலும் ஓட்ட முடியாமல் துருப்பிடித்துக் கிடந்த நிட்டிங் மெஷினை வாங்கி, ஊசி ஊசியாகக் கழற்றித் துடைத்து ஓட வைத்தேன். சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டைச் சாத்தினார்கள். என் கம்பெனி கேட் சாத்தவில்லை. ஊரில் மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர், பஸ் நிற்கும் இடத்தில் நிழற்கூடம், எல்லாம் நான் கட்டியது. இங்கிலீஷ் ஒரு வரி பேசாமல் சரக்கு வாங்க வரும் வெள்ளைக்காரர்களை, பையர் என்போம், எதிரே உட்காரவைத்து ஆர்டர் வாங்கியிருக்கிறேன். எப்படி என்றால், துணியை விரலில் உருட்டி அதன் ஜி.எஸ்.எம்., அதாவது அது எத்தனை கிராம் துணி என்று, மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அவர்கள் எடை போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் இங்கிலீஷ் எதற்கு?

இந்த வரிசையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. கோயமுத்தூரில் நான் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில், கீமோ ஏற்றும் அறைக்கு வெளியே, சுவரில் ஒரு பலகை. அதில் ஒரு ஆளின் உருவம் வரைந்திருக்கும். அந்தப் பலகை எப்படி வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இருமல் வந்தபோது பஞ்சு என்றுதான் நினைத்தேன். பனியன் தொழிலில் இருமாதவன் யார்? சளியில் ரத்தம் வந்த பிறகுதான் என் பையன் வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூர் கூட்டிப் போனான். நுரையீரலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். பஞ்சினால் வந்ததா என்று கேட்டேன். இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள்தான், விசாரிக்க வந்தார்கள். காபியைக் குடித்துவிட்டு, "பீடி குடிப்பீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார்கள். குடித்தேன். விட்டும் பல காலம் ஆகிறது. விட்டதற்கு ஒருவராவது பாராட்டினார்களா என்றால் இல்லை.

கீமோவும் கரண்டும் என்று முடிவானது. கரண்டு என்றால் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் எல்லாரும் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வோம். டாக்டர் இளவயதுப் பெண். என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவராக இருக்கலாம். நான் 'அம்மிணி' என்று கூப்பிட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை.

"ஐயா, மருந்து ஏத்துன பொறகு ஒடம்புல என்ன மாறுனாலும் சொல்லோணும். காய்ச்சல் வந்தா ஒடனே போன். சின்னது பெருசுன்னு நீங்க பிரிக்கக் கூடாது."

"ஆகட்டுங்க அம்மிணி."

ஆகட்டும் என்றேனே தவிர, சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அது என் குணம் மட்டும் அல்ல, தொழில். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் பையரின் ஆளிடம் எந்த முதலாளியாவது, "வாங்க, எங்க துணியில இங்கே ஓட்டை இருக்கு" என்று காட்டுவானா? டீ கொடுப்போம், முந்திரிப் பருப்பு கொடுப்போம், எல்லாம் ஓகேங்க என்போம். அவனாகக் கண்டுபிடித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் வாயில் ஊறிப்போன சொல் அது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும், "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று டாக்டர் கேட்பார். "ஓகேங்க அம்மிணி, ஒரு கொறையும் இல்லீங்க" என்று நான் சொல்வேன். கேட்டது மரியாதைக்கு என்று நினைத்தேன். பதிலும் மரியாதைக்குத்தான் சொன்னேன்.

குறை நிறைய இருந்தது. வாயில் ருசி போய், எதைத் தின்றாலும் பித்தளைக் கரண்டியை நக்கினது போல இருந்தது. கரண்டு வைத்த சூட்டில் தொண்டைக்குழி காந்தியது, வெறும் தண்ணீரே முள்ளாக இறங்கியது. மீசை போனது. புருவமும் போனது. ஒருநாள் மனைவியோடு கம்பெனிக்கு நடந்து போனேன். கேட்டில் நின்ற பீகார்ப் பையன் கையைக் குறுக்கே நீட்டி, "கிஸ்ஸே மில்னா ஹை, பாபா?" என்றான். யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறான். நான் போட்ட கேட், நான் வைத்த ஆள். என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கோபிக்கவில்லை. முதலாளியையே தடுக்கிறவன் திருடனை விடுவானா? அன்றைக்கே அவனை செக்யூரிட்டிகளுக்குத் தலைவன் ஆக்கச் சொன்னேன்.

இப்படி ஒவ்வொன்றையும் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு காரியம் நடந்தது. கீமோ அறையில் எப்போதும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் உட்காருவார். நல்ல பேச்சுக்காரர். கோழிக்கும் எனக்கும் ஒரே மருந்து என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒரு தடவை அவர் வரவில்லை. நர்ஸிடம் கேட்டேன். "அவங்களுக்கு ஒடம்பு தாங்கல ஐயா, மருந்த நிறுத்திட்டாங்க" என்றார். அடுத்த தடவை அந்த நாற்காலியில் வேறு ஆள்.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது, அல்லது புரிந்தது என்று நினைத்தேன். உடம்பு தாங்கவில்லை என்று தெரிந்தால் மருந்தை நிறுத்துவார்கள். மருந்து நின்றால் ஆள் நிற்க மாட்டான். ஆர்டர் கேன்சல். ஆகவே எது வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வாழ வேண்டும் என்று இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதனால்தான் காய்ச்சலையும் மறைத்தேன். அன்று ஒரு பையர் வந்திருந்தார். சாம்பிள் ரூமில் ஏ.சி. போட்டிருந்தது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்த மனைவி தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தில் புறங்கையை வைத்தாள். பையர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இது எப்பத்திருந்து?"

"இப்பத்தான். ஏ.சி."

"ஏ.சி.ல காயுமுங்களா ஒடம்பு? ஏஞ்சாமி, வண்டிய எடு" என்று பையனைக் கூப்பிட்டாள்.

ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிக் கிடந்தது. தனி அறையில் போட்டு மருந்து ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும் என்று பையனிடம் சொன்னார்களாம். அடுத்த கீமோவைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்தது என் காதில் பாதி கேன்சல் என்று விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் விரல் போனது.

முதலில் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சட்டைப் பொத்தான் கைக்கு அகப்படாமல் வழுக்கியது. பாதமும் அப்படித்தான். ஒருநாள் வாசலில் ஒரு செருப்பு கழன்று கிடக்க, மற்ற செருப்போடு தெருமுனை வரை நடந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கல் குத்தியதுகூடத் தெரியவில்லை. வேண்டுமென்றே வெறுங்காலில் நடக்கிறேன், வைத்தியத்துக்கு நல்லது என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் அவரும் வெறுங்காலில் நடந்தார்.

கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். புது லாட் துணி வந்திருந்தது. கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னோடு பல வருஷம் இருப்பவர். வழக்கம் போல ஒரு முனையை என் கையில் கொடுத்தார். உருட்டினேன். துணி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு, "நூத்தி எண்பது" என்றேன்.

மாஸ்டர் துணியைப் பார்த்தார். "ஆமா மொதலாளி. சரியாத்தான் சொல்லுதிய" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன மாதிரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சரியாகச் சொன்ன காலத்தில் அவர் ஒருபோதும் ஆமா என்றதில்லை. எடை மெஷினிடம் போய்ப் பார்த்துவிட்டு, "எப்படித்தான் சொல்லுதியளோ" என்று முறைப்பார். இந்தத் தடவை மெஷின் பக்கமே போகவில்லை. நான் டாக்டரிடம் சொல்லும் ஓகேங்க இப்போது எனக்கே திரும்பி வந்திருந்தது. கேட்க நன்றாக இல்லை.

மாஸ்டர் இதை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சந்தேகத்துக்கு இடம். மடத்துக்குளத்துக்காரி. கேட்க வேண்டியதை உடனே கேட்டு முடித்துவிடுவாள்.

அவளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகைக் காலத்தில் நான் தைத்தேன், அவள் செக்கிங். இன்றைக்கும் செக்கிங் டேபிள் அவள் பொறுப்பு. தைத்து வந்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு வடிவத்தில் இருக்கும். ஆரோ ஸ்டிக்கர் என்போம். அம்பு காட்டும் இடத்தைத் தையல்காரர் சரி செய்து கொடுத்தால் அது ஆல்டர். சரி செய்யவே முடியாதது ரிஜெக்ட். அம்பு ஒட்டாமல் எடுத்து வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், குறையோடு பெட்டிக்குள் போய்விடும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும் நாள். காரில் நான் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் வண்டி ஏறியதும் கண் சொக்கிவிடும். அவிநாசி தாண்டியது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் பையன் எழுப்பினான். உள்ளே போனதும் பெயரைக் கூப்பிட்டார்கள். நேரே டாக்டர் அறை. நான் எப்போதும் போல இரண்டு கையையும் குவித்து, "வணக்கமுங்க அம்மிணி, எல்லாம் ஓகேங்க" என்றேன்.

டாக்டர் என் கையையே பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஐயா, இது என்ன?"

நானும் பார்த்தேன். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சிவப்பு அம்பு. துண்டை விலக்கினால் தொண்டைக்குழிக்கு நேராகச் சட்டையில் ஒன்று. குமட்டலுக்கு மேல்வயிற்றில் ஒன்று. விரலில் ஒட்டிய ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. தூங்கினேன், சரி. விழித்து, இறங்கி, பையன் கையைப் பிடித்துப் படியேறி வந்த பிறகும் தெரியவில்லை.

மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், சிரித்தானா அழுதானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டருங்க," என்றாள் என் மனைவி, "இவரு வாயத் தொறக்க மாட்டாருங்க. நான் சொன்னா, ஊட்டுக்காரி பயப்படறான்னு சொல்லித் தட்டி விட்ருவாரு. அதுதான் செக் பண்ணி ஒட்டிக் கூட்டியாந்தனுங்க. கால்லயும் இருக்குது. செருப்புக்குள்ள."

கழற்றிப் பார்த்தார்கள். இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. என் விரல் ஒவ்வொன்றையும் பிடித்து, பஞ்சால் தொட்டு, குச்சியால் தொட்டு, எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். பஞ்சை விரலால் அறிந்து பிழைத்தவன் நான். எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு நானே கேட்டேன். எப்படியும் தெரிந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அம்மிணி, நிறுத்திருவீங்களா?"

"எதை?"

"மருந்தத்தானுங்க. பல்லடத்துக்காரருக்கு நிறுத்துன மாதிரி."

டாக்டருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது போல இருந்தது. நாற்காலியை என் முட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரு கதை வேற. அதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. உங்க கதைய மட்டும் சொல்றேன், கேளுங்க. ஏத்துற மருந்துல ஒண்ணு நரம்பைத் தொடும். முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே அளவைக் கொறைச்சிருப்பேன். இப்பவும் கொறைக்கலாம், மாத்தலாம். தொண்டைக்கு மருந்து இருக்கு, வாய்ப்புண்ணுக்கு இருக்கு. நீங்க ஓகே ஓகேன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு மருந்து போடுறேன். சொன்னதுனால நிறுத்த மாட்டேன் ஐயா. சொல்லாம முத்திப் போனாத்தான் நிறுத்த வேண்டி வரும்."

"அப்ப ரிஜெக்ட் இல்லீங்களா?"

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார், என்ன பேச்சு இது என்பது போல.

"ஆல்டர்தானுங்க," என்றாள் என் மனைவி, டாக்டருக்கு அல்ல, எனக்கு.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கியது. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் என்றாலும் ஆல்டருக்கும் ரிஜெக்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். திருப்பூரில் பாதிப் பேர் சோறு தின்பது ஆல்டரால்தான்.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள், ஒன்றை மாற்றினார்கள். கரண்டு தொடர்ந்தது. நானும் பழகிக்கொண்டேன், பழகிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். சாப்பாட்டுக்கு முன்னால் மரத்துப்போக வைக்கும் மருந்தைக் குடித்துவிட்டு, அந்த மரப்பு இருக்கும்போதே ஆறிய ராகிக் கூழையோ, தேங்காய்ப்பாலில் ஊறவைத்த சந்தவை இடியாப்பத்தையோ இறக்கிவிடுவேன். ருசி பார்த்துச் சாப்பிடவில்லை, ஷிப்மெண்ட் போல நேரத்துக்கு உள்ளே அனுப்பினேன். உப்புச் சோடாத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். சுடு டம்ளரைத் தொடுவதற்கு முன் முழங்கையால் பார்த்தேன். செருப்புக்குப் பின்வார் தைத்துக்கொண்டேன், என் கையால் அல்ல, தையல்காரரிடம் கொடுத்து. தையல் மெஷினுக்கு முன்னால் நின்று 'என்னால் முடியவில்லை, நீ தைத்துக் கொடு' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை, விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஸ்டிக்கரை இப்போது நானே ஒட்டிக்கொண்டேன். நுனிவிரலால் உரிக்க வராது, பல்லால் கடித்து உரிப்பேன். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "ஐயா, இன்னைக்கு ஆல்டர் என்ன?" என்பார். கீமோ அறையில் மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். காங்கேயத்துக்கார அம்மா ஒருவர், வயிறு போவதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இருந்தவர், "எனக்கும் ஒண்ணு குடுங்கண்ணா" என்று வாங்கிச் சேலையில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த தடவை நான் ஒரு ரோல் கொண்டு போனேன். பிறகு பெட்டியோடு அனுப்பினேன். ஆம்பளைகள்தான் அதிகம் வாங்கினார்கள். வாயால் சொல்ல மானம் போகிறது என்பவனுக்கு ஒட்டுவதில் மானம் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை போனால் சுவரில் பலகை. ஒரு ஆளின் உருவம், முன்பக்கமும் பின்பக்கமும். கீழே ஒரு டப்பாவில் என் கம்பெனி ஸ்டிக்கர். டாக்டரைப் பார்க்கும் முன் எங்கே தொந்தரவோ அங்கே ஒட்டச் சொல்லி நர்ஸ் சொல்கிறார். உருவத்தின் விரல்களில்தான் அம்பு அதிகம். நான் நின்று பார்த்தேன். எனக்கு மட்டும் வந்ததல்ல இது என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

கடைசி ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது வேறு ஊசி, அதற்கு வேறு ஆல்டர்கள். மீசை வந்துவிட்டது, முன்பைவிடக் கருப்பாக. பீகார்ப் பையன் சல்யூட் வைக்கிறான். விரல் பாதி திரும்பியிருக்கிறது. போன வாரம் மாஸ்டர் துணியைக் கொடுத்தார். உருட்டிப் பார்த்துவிட்டு, "தெரியல மாஸ்டர், மெஷின்ல போடுங்க" என்றேன். அவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்ப் போட்டார். பிறகு இன்னொரு துணி கொடுத்தார். அது தடிமன். சொன்னேன். மெஷினில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எப்படித்தான் சொல்லுதியளோ" என்று முறைத்தார். அந்த முறைப்புக்கு நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

இனி என் வழக்கு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பலகை யாருடைய யோசனை என்று கேட்டால், "ஒரு நோயாளியோட வீட்டம்மா யோசனை" என்கிறார்கள். ஊரிலும் ஒறம்பரையிலும் அதே பேச்சு. கல்யாண வீட்டில் என் மனைவியைச் சுற்றி ஒரு கூட்டம், என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. யோசனை அவளுடையதுதான். நான் மறுக்கவில்லை, அவளிடமே சொல்லிவிட்டேன். ஆனால் கொஞ்சம் நியாயமாகப் பாருங்கள். அவள் ஒட்டியபோது என் விரலுக்கு உணர்வு இருந்திருந்தால் காரிலேயே தட்டி எறிந்திருப்பேன். ஸ்டிக்கர் அவிநாசி ரோட்டில் கிடந்திருக்கும், பலகை வந்திருக்காது. மரத்துப்போனது என் விரல். அத்தனை பேர் முன்னால் அம்பு குத்திய பனியனாக நின்றது என் உடம்பு. மறுதடவை அதை வெட்கப்படாமல் என் கையாலேயே ஒட்டிக்கொண்டு வந்ததும் நான்தான்.

ஆகவே அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், மாலை வேண்டாம். பலகைக்குக் கீழே ஒரே வரி எழுதுங்கள். 'யோசனை: ஒரு செக்கிங்காரம்மா. உடம்பு: அவர் வீட்டுக்காரர்.' எழுத்து இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் வந்து பார்ப்பேன். இன்னும் நிறைய தடவை வருவதாகத்தான் இருக்கிறேன்.